எழுத்துக்கு ஓர் எண்

‘ஜொகூர்’ என்னும் சொல்லில் ஜொ, கூ, ர் என மூன்று எழுத்துகள் உள்ளன. தமிழ் இலக்கணம் கற்ற எவரும் அவ்வாறுதான் எண்ணுவர். ஆனால், இச்சொல்லைக் கைப்பேசியில் தட்டச்சு செய்தால், கருவி அதனை ஆறு எண்களாகச் சேமிக்கிறது. அவை 2972, 3018, 2965, 3010, 2992, 3021 என்பனவாகும். இந்த எண்கள் ஜொகூர் பாருவிலிருந்து சென்னைக்கோ, யாழ்ப்பாணத்திற்கோ, இலண்டனுக்கோ அனுப்பப்பட்டால், அங்குள்ள கருவியும் அவற்றை ‘ஜொகூர்’ என்றே திரையில் காட்டும்.

இன்று இயல்பாகத் தோன்றும் இந்த வசதி எளிதில் கிடைத்துவிடவில்லை. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் உலகம் முழுவதும் உள்ளவர்கள் உடன்பட வேண்டியிருந்தது. அந்த உடன்பாடு இல்லாத காலத்தில், ஒரு கணினியில் எழுதிய தமிழை மற்றொரு கணினியில் படிக்க இயலாத நிலை இருந்தது. அந்நிலை மாறிய வரலாற்றில் மலேசியத் தமிழருக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் சிறப்பான பங்கு உண்டு.

எண்களை மட்டுமே அறிந்த கருவி

கணினிக்கு எழுத்துகள் தெரியா. அதன் நினைவகத்தில் சேமிக்கப்படுபவை யாவும் எண்களே. ஆகவே, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டைப் பட்டியலாக்கி வைத்துக்கொள்கின்றனர். இதனை எழுத்துக் குறியாக்கம் என்பர். அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ‘ஆஸ்கி’ என்னும் பட்டியல் இவற்றுள் புகழ்பெற்றது. அதில் 128 இடங்கள் இருந்தன. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள், சிறிய எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள் ஆகியவற்றுக்கு அவை போதுமானவையாக இருந்தன. ஜொகூர் என்பதை ரூமி எழுத்தில் பெரிய எழுத்துகளாக எழுதினால் 74, 79, 72, 79, 82 என்னும் ஐந்து எண்கள் கிடைக்கும்.

குறியாக்கத்தில் ஒதுக்கப்படும் எண் எழுத்துக்கு உரியது. அதன் வடிவத்திற்கு உரியதன்று. இந்த வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் அதற்கு முன்பு யானையின் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டன. ணா, றா, னா போன்றவையும் வேறு வடிவம் பெற்றிருந்தன. இன்று மலேசியப் பாடநூல்களும் சீர்திருத்திய வடிவங்களையே பயன்படுத்துகின்றன. ஆயினும், கணினியைப் பொறுத்தவரை ‘னை’ என்பது 2985, 3016 என்னும் இரண்டு எண்களே. எழுத்துரு என்னும் வடிவத் தொகுப்பைப் பழைய பாணியில் அமைத்தால் அதே எண்கள் துதிக்கை வடிவத்தைக் காட்டும். புதிய பாணியில் அமைத்தால் இன்றைய வடிவத்தைக் காட்டும். எழுத்தின் அடையாளம் எண்ணில் இருக்கிறது; அதன் தோற்றம் எழுத்துருவில் இருக்கிறது.

ஆளுக்கொரு பட்டியல்

கணினி பரவத் தொடங்கிய காலத்தில் ஓர் எழுத்துக்கான இடம் பெரும்பாலும் ஒரு பைட் அளவே இருந்தது. ஒரு பைட்டில் 256 எண்களையே குறிக்க முடியும். தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. இவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளும் வேண்டும். ஆங்கில எழுத்துகளுக்கு 128 இடங்களை விட்டுவிட்டால் எஞ்சுவது பாதிதான். எனவே, தமிழ் மென்பொருள் உருவாக்கியவர்கள் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் போன்ற துண்டுகளுக்கு எண்களைக் கொடுத்தனர். அத்துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி எழுத்துகளை உருவாக்கினர். இது பழைய தட்டச்சுப்பொறி செயல்பட்ட முறையை ஒத்தது.

சிக்கல் அதன் பின்னரே பெரிதாகியது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான பட்டியலை வைத்துக்கொண்டது. ஒருவரின் எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் மற்றொருவரின் எழுத்துருவில் ‘ம’ இருந்தது. மின்னஞ்சலில் வந்த தமிழ்க் கடிதத்தைப் படிக்க, அனுப்பியவர் பயன்படுத்திய அதே எழுத்துரு பெறுபவரிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். தமிழ் நாளிதழ்களின் இணையப்பக்கங்களைப் படிப்பதற்கும் முதலில் அந்த நாளிதழின் எழுத்துருவைப் பதிவிறக்க வேண்டியிருந்தது. கட்டுரைகளில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய இயலாததாக இருந்தது.

நீரிணையின் இருபுறமும்

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் மலேசியரான முத்து நெடுமாறன் குறிப்பிடத்தக்கவர். அவர் 1985ஆம் ஆண்டில் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னர் ‘முரசு அஞ்சல்’ என்ற பெயரில் வளர்ந்த அம்மென்பொருள் பல நாடுகளில் பயன்படுத்தப்பட்டது. அவர் வடிவமைத்த ‘இணைமதி’ எழுத்துரு ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் இடம்பெற்றது. கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் அவருடைய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டு வெளிவந்தது.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி இதே துறையில் உழைத்தார். அவர் ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையப்பக்கம் தொடங்கப்பட்டபோது, அதில் தமிழ்க் கவிதைகளும் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. இணையத்தில் தமிழ் தோன்றிய தொடக்க நிகழ்வுகளுள் இதுவும் ஒன்றாகும். 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. பல நாடுகளின் வல்லுநர்கள் ஒரே இடத்தில் அமர்ந்து, பொதுவான பட்டியலின் தேவையைப் பேசினர்.

அதன் பிறகு முயற்சிகள் வேகமெடுத்தன. பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாக விவாதித்து ‘திஸ்கி’ என்னும் குறியாக்கத்தை உருவாக்கினர். அதன் முதல் 128 இடங்களில் ஆங்கிலமும் அடுத்த 128 இடங்களில் தமிழும் இருந்தன. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கத் திஸ்கியைப் பயன்படுத்தியது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற மாநாட்டைத் தொடர்ந்து ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை அமைப்பு அறிமுகமானது. 2000ஆம் ஆண்டு ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. மறு ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

ஒருங்குறியில் தமிழ்

இதே காலத்தில் உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியலை உருவாக்கும் பணி அமெரிக்காவில் நடைபெற்று வந்தது. அதுவே ‘யூனிகோடு’. தமிழில் இதனை ஒருங்குறி என்பர். அதன் முதல் பதிப்பு 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. தொடக்கம் முதலே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் இன்று 72 இடங்கள் நிரம்பியுள்ளன.

இப்பட்டியலை உற்று நோக்கினால் ஒரு புதுமை தெரியும். ‘க’ என்னும் எழுத்தின் எண் 2965. அடுத்து வரும் ‘ங’ என்னும் எழுத்தின் எண் 2969. இடையில் உள்ள மூன்று இடங்கள் காலியாக உள்ளன. இதற்குக் காரணம் உண்டு. ஒருங்குறியில் தமிழின் அமைப்பு, இந்தியாவில் 1988ஆம் ஆண்டு உருவான ‘இஸ்கி’ என்னும் குறியாக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. இந்திய மொழிகளின் எழுத்துகள் யாவும் ஒரே வரிசையில் அமைய வேண்டும் என்பது அதன் நோக்கம். தேவநாகரி போன்ற எழுத்து முறைகளில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழில் ஒன்றே உள்ளது. ஆகவே, மற்ற மூன்றுக்கும் உரிய இடங்கள் தமிழ்ப் பட்டியலில் வெற்றிடங்களாக நின்றுவிட்டன.

ஒருங்குறியில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண்கள் இல்லை. உயிர், ஆய்தம், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உள்ளன. மற்றவை இவற்றின் சேர்க்கையால் உருவாகின்றன. ‘ஜொகூர்’ என்னும் சொல்லை மீண்டும் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். ‘ஜ’ என்பது 2972. அதனோடு ஒகரக் குறியான 3018 சேர்ந்து ‘ஜொ’ ஆகிறது. ‘க’ என்பது 2965. அதனோடு ஊகாரக் குறியான 3010 சேர்ந்து ‘கூ’ ஆகிறது. ‘ர’ என்பது 2992. அதன்மேல் 3021 என்னும் புள்ளி ஏறி ‘ர்’ ஆகிறது.

‘ஜொ’ என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பும், பிறகு ஜகரமும், இறுதியில் காலும் எழுதப்படுகின்றன. திஸ்கியும் இதே வரிசையைப் பின்பற்றியது. ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையைப் பின்பற்றுகிறது. மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் வருவதால், ஜகரத்தின் எண் முதலிலும் உயிர்க்குறியின் எண் அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடப்பக்கத்திற்குக் கொண்டுசென்று காட்டுவது எழுத்துருவின் வேலை. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகிறது என்ற இலக்கண விதிக்கு இம்முறை நெருக்கமானது.

வசதியும் விலையும்

ஒருங்குறியின் அமைப்பால் சில தொல்லைகளும் உண்டு. ‘ஜொகூர்’ என்று தட்டச்சு செய்துவிட்டு அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினால், பல கருவிகளில் புள்ளி மட்டும் நீங்கி ‘ஜொகூர’ என்று நிற்கும். எழுத்தை எண்ணும் நிரல்கள் மூன்று என்பதற்கு மாறாக ஆறு என்று கூறக்கூடும். குறுஞ்செய்தி பரவலாக இருந்த காலத்தில் இதனால் செலவும் கூடியது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் வரை அனுமதி உண்டு. தமிழில் எழுதினால் 70 குறிகளுக்கே இடம் உண்டு. அந்த எழுபதில் ஆறினை ‘ஜொகூர்’ என்ற ஒரு சொல்லே எடுத்துக்கொள்ளும்.

அகரவரிசையிலும் சிக்கல் எழுந்தது. தமிழ் நெடுங்கணக்கில் ‘ற’, ‘ன’ ஆகிய இரண்டும் இறுதியில் வருபவை. ஒருங்குறியிலோ ‘ன’ என்னும் எழுத்துக்கு 2985. ‘ப’ என்னும் எழுத்துக்கு 2986. எண்களின் வரிசைப்படி மட்டும் சொற்களை அடுக்கினால் ‘ன’ முன்னும் ‘ப’ பின்னும் வந்துவிடும். அகராதிக்கு அந்த வரிசை பொருந்தாது. எனவே, தமிழுக்குரிய வரிசை விதிகளைத் தனியே எழுதிக் கணினிக்குக் கற்பிக்க வேண்டியுள்ளது.

இக்காரணங்களால் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று வல்லுநர்களில் ஒரு சாரார் வாதிட்டனர். அவ்வாறு செய்தால் எழுத்தை எண்ணுவதும், வரிசைப்படுத்துவதும், அச்சுப்பணியும் எளிதாகும் என்பது அவர்கள் கருத்து. ஏற்கெனவே கோடிக்கணக்கான சொற்கள் ஒருங்குறியில் எழுதப்பட்டுவிட்டதால், மீண்டும் பட்டியலை மாற்றினால் பழைய குழப்பம் திரும்பும் என்பது மற்றவர்களின் கருத்து. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியைத் தன் பொதுத் தரமாக ஏற்றது. தனித்தனி எண்களைக் கொண்ட ‘அனைத்தெழுத்துக் குறியாக்கம்’ என்பதையும் தேவைப்படும் இடங்களில் பயன்படுத்த அனுமதித்தது. இன்று கைப்பேசிகளும் இணையமும் ஒருங்குறியிலேயே இயங்குகின்றன.

ஜாவியும் மூங்கில் எழுத்தும்

இத்தகைய சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஜொகூரில் அலுவலகப் பெயர்ப்பலகைகள் பலவற்றில் ரூமி எழுத்தோடு ஜாவி எழுத்தையும் காணலாம். ஜாவி என்பது அரபு எழுத்துகளோடு மலாய் ஒலிகளுக்குத் தேவையான சில எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. ஆசிரியரைக் குறிக்கும் ‘குரு’ என்னும் மலாய்ச் சொல்லின் முதல் ஒலிக்கு உரிய எழுத்து அவற்றுள் ஒன்று. தொடக்கத்தில் வடிவத்தால் நெருங்கிய வேறோர் எழுத்தின் எண்ணான 1708 இதற்குப் பயன்பட்டது. 2005ஆம் ஆண்டுதான் பொருத்தமான எழுத்து 1890 என்னும் எண்ணோடு ஒருங்குறியில் சேர்க்கப்பட்டது. ஜாவிக்கு இந்த எண்ணையே பயன்படுத்துமாறு ஒருங்குறி பரிந்துரைக்கிறது. பழைய எண்ணில் எழுதப்பட்ட கோப்புகளைப் புதிய எண்ணால் தேடினால், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் சொல்லும் அகப்படாமல் போகலாம்.

மிகச் சிறிய சமூகங்களின் எழுத்துகளும் ஒருங்குறியில் இடம்பெற்றுள்ளன. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டோரோ தீவில் ஹனுனூ என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் கத்தி முனையால் மூங்கிலில் எழுத்துகளைக் கீறுவர். ‘அம்பஹான்’ எனப்படும் தங்கள் பாடல்களை அவ்வாறு பதிவு செய்து வந்தனர். ஹனுனூ உள்ளிட்ட பிலிப்பைன்ஸின் பண்டைய எழுத்து முறைகள் 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. 2002ஆம் ஆண்டு ஹனுனூ எழுத்துகள் 5920 முதல் தொடங்கும் எண்களோடு ஒருங்குறியில் இடம்பெற்றன.

ஹனுனூ எழுத்து முறைக்கும் தமிழுக்கும் வியக்கத்தக்க ஒற்றுமை உண்டு. இரண்டும் பண்டைய பிராமி எழுத்தின் வழிவந்தவை எனக் கருதப்படுகின்றன. ஹனுனூவில் மூன்று உயிரெழுத்துகளும் பதினைந்து மெய்வரிசை எழுத்துகளும் உள்ளன. தமிழில் உள்ளதுபோல் ஒவ்வொரு மெய்வரிசை எழுத்திலும் அகரம் ஏறியிருக்கும். ‘க’ என்னும் ஒலிக்குரிய எழுத்தின் எண் 5923. அதனோடு 5938 என்னும் இகரக் குறி சேர்ந்தால் ‘கி’ ஆகும். தனி மெய்யை எழுதுவதற்கு அம்முறையில் முன்பு வழியில்லை. சொல்லின் இறுதியில் வரும் மெய்யை எழுதாமலே விட்டுவிடுவர். படிப்பவரே அதனை ஊகித்துக்கொள்வார். இருபதாம் நூற்றாண்டில் அம்மக்களிடையே நெடுங்காலம் வாழ்ந்த அந்தோன் போஸ்ட்மா, அகரத்தை நீக்கும் ஒரு குறியை அறிமுகப்படுத்தினார். ‘பமுட்போட்’ எனப்படும் அக்குறிக்கு ஒருங்குறியில் 5940 என்னும் எண் உண்டு. தமிழில் புள்ளி செய்யும் வேலையையே அது ஹனுனூவில் செய்கிறது.

முடிவடையாத பணி

எழுத்துகளுக்கு எண் வழங்கும் பணி இன்னும் நிறைவுறவில்லை. பழந்தமிழர் நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளக்கப் பயன்படுத்திய பின்னக் குறிகள் கல்வெட்டுகளிலும் பழைய கணக்கு ஏடுகளிலும் காணப்படுகின்றன. 1/320 என்னும் மதிப்புடைய முந்திரி, அவற்றுள் ஒன்று. இவை உள்ளிட்ட 51 குறிகள் 2019ஆம் ஆண்டு 73664 முதல் தொடங்கும் தனித் தொகுதியாக ஒருங்குறியில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பு ஒரு பழங்கணக்கைக் கணினியில் பதிவு செய்ய விரும்பியவர், அக்குறிகளைப் படமாக மட்டுமே ஒட்ட முடிந்தது. படமாக இருந்தால் தேட இயலாது. எண் கிடைத்த பின்னரே அவை தேடவும் ஆராயவும் கூடிய எழுத்துகளாயின.

ஒரு புதிய குறியைச் சேர்க்க வேண்டுமானால், அது எங்கே, எவ்வாறு, யாரால் பயன்படுத்தப்பட்டது என்பதற்குச் சான்றுகளோடு விண்ணப்பம் அளிக்க வேண்டும். எண் ஒருமுறை வழங்கப்பட்டால் அதனை மாற்றுவதும் இல்லை, நீக்குவதும் இல்லை. எனவே, மொழியை அறிந்தவர்கள் உரிய காலத்தில் இவ்விவாதங்களில் கலந்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் தமிழறிஞர் பலர் பங்கேற்றிருந்தால் பட்டியலின் வரிசை வேறுவிதமாக அமைந்திருக்கலாம் என்று கருதுவோரும் உள்ளனர்.

எண்ணைச் சரியாகப் பயன்படுத்தும் பொறுப்பு தட்டச்சு செய்பவருக்கும் உண்டு. ‘கௌரவம்’ என்னும் சொல்லின் முதல் எழுத்தில் ககரமும் ஔகாரக் குறியும் உள்ளன. சிலர் ‘கெ’ என்பதை அடுத்து ‘ள’ என்னும் எழுத்தைத் தட்டச்சு செய்துவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கோ அவை இருவேறு சொற்கள். துணைக்கால் இட வேண்டிய இடத்தில் ‘ர’ என்னும் எழுத்தை இடுவதும் இத்தகைய பிழையே. பள்ளி இதழில் ஒருவரின் பெயரை இவ்வாறு பதிவு செய்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து அப்பெயரைத் தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காமலே போகக்கூடும்.